ஆயாவுக்கு ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் பேச்சு வரவில்லை: வீட்டில் பயிற்சி தமிழிலா, இங்கிலீஷிலா?

சாட்ஸ்வொர்த்_பேத்தி

வணக்கம், தென்னாப்பிரிக்காவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஆயாவுக்கு 67 வயது, வலது கைப் பழக்கம். ஆறு வாரத்துக்கு முன் மூளையின் இடது பக்கம் ரத்தக்குழாய் அடைத்து ஸ்ட்ரோக். வலது கை இன்னும் எழவில்லை, கம்பு ஊன்றி நாலடி நடக்கிறார். டிஸ்சார்ஜ் பேப்பரில் ‘புரோக்கா வகை அஃபேசியா, கூடவே பேச்சு அப்ராக்சியா’ என்று எழுதியிருக்கிறது. முதலாவது புரிந்தாலும் சொல்லும் வாக்கியமும் வராத மொழிக் குறை, இரண்டாவது வாய் அசைவை வரிசைப்படுத்த முடியாத குறை என்று விளக்கினார்கள். நாம் சொல்வது பெரும்பாலும் புரிகிறது, பதில்தான் வருவதில்லை. தண்ணி கேட்க நினைத்தால் “த... த... தட்டு” என்று வந்து நிற்கிறது. தப்பு என்று அவருக்கே தெரிந்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஆனால் ‘திங்கள், செவ்வாய்’ என்று நாங்கள் எடுத்துக் கொடுத்தால் ஞாயிறு வரை ஒரே மூச்சில் போகிறார். பூசையில் “அரோகரா” கணீரென்று வருகிறது.

ஆயாவுக்கு வீட்டில் தமிழ். துணி ஃபேக்டரியில் பல வருஷம் இருந்ததால் இங்கிலீஷும் நன்றாகத் தெரியும், கடைத்தெரு ஜூலு கொஞ்சம். அரசு ஆஸ்பத்திரி ஸ்பீச் தெரபிஸ்டுக்குத் தமிழ் தெரியாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் பார்க்கிறார், இங்கிலீஷ் படக் கார்டு கொடுத்து வீட்டில் செய்யச் சொல்கிறார். சித்தியோ, “ரெண்டு பாஷையும் போட்டுக் குழப்பாதீங்க, இங்கிலீஷ் மட்டும் பேசுங்க” என்கிறார்.

எந்த மொழியில் செய்வது, எப்படிச் செய்வது? அரோகரா சொல்கிற வாயில் தண்ணி ஏன் வரமாட்டேன் என்கிறது? இன்னொன்று, டீ குடிக்கும்போது இருமல் வருகிறது. அதுவும் இதோடு சேர்ந்ததா?

---

வெஸ்ட்வில்_ஸ்பீச்

கடைசியாகப் போட்ட கேள்வியை முதலில் எடுக்கிறேன். பேச்சு நாளைக்குக் காத்திருக்கும், விழுங்குவது காத்திருக்காது.

ஸ்ட்ரோக்குக்குப் பிறகு டீயிலும் தண்ணியிலும் இருமல் வந்தால், நீர்ப்பொருள் உணவுக்குழாய்க்குப் பதிலாக மூச்சுக்குழாய்ப் பக்கம் போகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். தண்ணி வாயில் வேகமாக ஓடும், தொண்டை மூடுவதற்குள் இறங்கிவிடும். அதனால்தான் இட்லிக்கு வராத இருமல் டீக்கு வருகிறது. குடித்த பிறகு குரல் ஈரமாக, களகளவென்று மாறுகிறதா, அடிக்கடி தொண்டையைச் செருமுகிறாரா, சாப்பாடு வலது கன்னத்தில் தங்குகிறதா என்று இரண்டு நாள் கவனித்து எழுதுங்கள். இருமலே இல்லாமல் உள்ளே போவதும் உண்டு. ஆகவே இருமல் நின்றுவிட்டது என்பதை மட்டும் வைத்து நிம்மதி அடையாதீர்கள். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் நாளைக்கே தெரபிஸ்டுக்குப் போன் செய்து, விழுங்குவதைப் பரிசோதிக்க வேண்டும் என்று கேளுங்கள். காய்ச்சல், மூச்சு வாங்குதல், சளியோடு சோர்வு என்று வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

அதுவரை: நாற்காலியில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்து மட்டுமே சாப்பாடு, முடிந்த பிறகும் அரை மணி நேரம் அப்படியே. ஸ்பூன் அளவுக்கு ஒரு வாய், அது இறங்கிய பிறகு அடுத்தது. ஸ்ட்ரா வேண்டாம். வாயில் இருக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். ரசம் சாதம், பருக்கையோடு கஞ்சி, பாலில் ஊறவைத்த சீரியல் மூன்றையும் இப்போதைக்கு நிறுத்துங்கள். நீரும் திடமும் கலந்தவைதான் இவர்களுக்கு மிகவும் கஷ்டம், வாய் பருக்கையை மெல்லும்போதே நீர் தொண்டைக்குப் போய்விடும். காலையும் இரவும் பல், நாக்கு, கன்னத்தின் உட்பக்கம் சுத்தம் செய்யுங்கள். எச்சிலோடு உள்ளே போகும் கிருமிதான் நிமோனியாவுக்குப் பெரிய காரணம்.

நீங்களாகவே தண்ணியைக் கெட்டியாக்க ஆரம்பிக்காதீர்கள். எவ்வளவு கெட்டி என்பது சோதனைக்குப் பிறகுதான் தெரியும். உணவும் பானமும் எவ்வளவு கெட்டி என்று சொல்லும் சர்வதேச ஐ.டி.டி.எஸ்.ஐ. அளவுகோலில் 0 முதல் 7 வரை படிகள், குடிப்பவை 0 முதல் 4 வரை. தெரபிஸ்ட் ‘லெவல் 2’ என்று சொன்னால் 10 மி.லி. சிரிஞ்ச் வைத்து வீட்டிலேயே சரிபார்க்கலாம்: ஊசி இல்லாமல், நுனியை விரலால் மூடி 10 மி.லி. ஊற்றி, விரலை எடுத்து 10 விநாடி ஓடவிட்டு மறுபடி மூடுங்கள். மிச்சம் 1–4 மி.லி. என்றால் லெவல் 1, 4–8 என்றால் லெவல் 2, 8க்கு மேல், ஆனால் கொஞ்சமாவது ஓடியிருந்தால் லெவல் 3. சிரிஞ்சும் எல்லாம் ஒன்றல்ல. 0 கோட்டிலிருந்து 10 கோடு வரை 61.5 மி.மீ. இருப்பதுதான் இதற்கு. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. மாவுச்சத்தால் கெட்டியாக்கிய எதுவும் எச்சில் பட்டால் நீர்த்துவிடும். எச்சில் ஸ்பூனைப் போட்டு வைத்த கஞ்சி கொஞ்ச நேரத்தில் தண்ணியாகிவிடுவது அதனால்தான். சாந்தன் கம் என்ற பசை வகைக் கெட்டியாக்கும் பவுடருக்கு இந்தத் தொல்லை இல்லை.

இனி அரோகரா. கிழமைகள், எண்ணிக்கை, மந்திரம், வசவு எல்லாம் ஆயுள் முழுக்கச் சொல்லிச் சொல்லி ஒரே துண்டாகப் பதிந்தவை. அவற்றை ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுக்க வேண்டியதில்லை. ‘தண்ணி’யை மட்டும் தனியாகத் தேடி, ஒலிகளை வரிசைப்படுத்தி, வாய்க்கு ஆணையிட வேண்டும். அடிபட்டது அந்த வேலை. அடம் என்றோ மறதி என்றோ வீட்டில் யாரும் சொல்லக்கூடாது.

அந்த ஒரே துண்டுப் பேச்சையும் ராகத்தையும் வைத்து ஏறும் முறை ஒன்று 1973 முதல் இருக்கிறது, மெலடிக் இன்டொனேஷன் தெரபி. ஆயா மாதிரி புரிந்துகொள்ளும் திறன் நன்றாக இருந்து, பேச்சு தடைப்பட்டவர்களுக்கே பெரும்பாலும் பொருந்தும். எதிரே உட்காருங்கள். தேவைப்படும் சொற்றொடர் ஒன்று எடுங்கள்: ‘தண்ணி வேணும்’, ‘டீ வேணாம்’, ‘வலிக்குது’. மேல், கீழ் என்று இரண்டே சுருதி, அசைக்கு ஒரு தட்டு. அவருடைய இடது கையைப் பிடித்து மேசையில் ‘தண்–ணி–வே–ணும்’ என்று விநாடிக்கு ஓர் அசை வீதம் தட்டுங்கள். முதலில் நீங்கள் முனகுங்கள், அடுத்து சேர்ந்து பாடுங்கள், அடுத்து நடுவில் உங்கள் குரலை நிறுத்திவிட்டு அவரைத் தொடரவிடுங்கள், அடுத்து நீங்கள் பாடி முடித்ததும் அவர் மட்டும். கடைசியில் “என்ன வேணும்?” என்று கேளுங்கள். ஒரு படியில் தடுமாறினால் முந்தைய படிக்கு இறங்கிவிட்டு வாருங்கள். பலர் தோற்கும் இடம் ஒன்றுதான்: தெரிந்த பாட்டைப் பாடவைத்து, “பாட்டு வருதே” என்று மகிழ்ந்து அங்கேயே நின்றுவிடுவார்கள். பாட்டு பாட்டாகவே இருக்கும், பேச்சாக மாறாது. புதுச் சொற்றொடர் வேண்டும், ராகம் படிப்படியாகக் குறைய வேண்டும்.

---

லெனேஷியா_கருணா

சித்திக்குப் பதில்: இரண்டு மொழி குழப்பாது. பல மொழி பேசுகிறவருக்கு ஸ்ட்ரோக் வந்தால் எல்லா மொழியும் ஏறத்தாழ ஒன்றாகத் திரும்புவதே அதிகம். ஒன்று முந்துவதும் உண்டு. 1895இல் பித்ர் என்ற பிரெஞ்சு மருத்துவர், ஸ்ட்ரோக்குக்கு முன் அதிகம் புழங்கிய மொழியே முதலில் வரும் என்றார். அவருக்கு முன்பே ரிபோ என்ற பிரெஞ்சு உளவியலாளர், சின்ன வயதில் கற்றதே முதலில் வரும் என்று சொல்லியிருந்தார். இரண்டு விதியும் எல்லாருக்கும் பொருந்தவில்லை. ஆயா யாரோடு பேசி நாளைக் கழிக்கிறாரோ அந்த மொழிதான் என் கணக்கு. வீட்டில் தமிழ் என்றால் வீட்டுப் பயிற்சி தமிழில், ஆஸ்பத்திரியில் இங்கிலீஷ் நடக்கட்டும். தமிழில் தேடும்போது இங்கிலீஷ் சொல் வந்து விழுந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். “வாட்டர்” என்று வந்தாலும் தண்ணி கொடுக்க வேண்டியதுதானே. பேச்சை வரவழைக்கிறேன் பேர்வழி என்று டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு “சொன்னாத்தான் தருவேன்” என்பது மட்டும் கூடாது.

‘த... தட்டு’ பற்றி. நீங்கள் “த...” என்று எடுத்துக் கொடுக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அந்த ஒலியில் தட்டு, தலை, தம்பி எல்லாம் வரிசையில் நிற்கின்றன. முழு அசையாக “தண்...” என்று கொடுங்கள், நாக்கு மேலே மடிவது தெரியும்படி வாயைக் காட்டுங்கள். ஆனால் அதுவும் மூன்றாவது உதவிதான். முதலில் மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள் (நம் வீடுகளில் யாருக்கும் முடியாத காரியம், இரண்டு விநாடியில் நாலு பேர் சொல்லிவிடுவோம்). வரவில்லையா, பொருளால் உதவுங்கள்: “தாகத்துக்குக் குடிக்கிறது”. பிறகு முடியாத வாக்கியம்: “தாகமா இருக்கு, ஒரு டம்ளர்...”. பிறகு அசை. அதுவும் இல்லையென்றால் முழுச் சொல்லைச் சொல்லி, திருப்பிச் சொல்லவிடுங்கள். சொல் வந்தவுடன் விட்டுவிடாதீர்கள். 10 விநாடி கழித்து ஒருமுறை, அரை நிமிஷம் கழித்து ஒருமுறை, இரண்டு நிமிஷம் கழித்து ஒருமுறை கேளுங்கள். இடைவெளி விட்டு எடுக்கும்போதுதான் சொல் தங்கும். ஒரே மூச்சில் இருபது தடவை சொல்லவைப்பதில் பலன் குறைவு.

பெயர்ச்சொல் கார்டிலேயே நிற்காதீர்கள். ஆஸ்பத்திரி கொடுத்த கார்டுகளில் அணில் படம் இருக்கும், ஆயாவுக்கு அணிலைக் கேட்டு என்ன ஆகப்போகிறது? வினைச்சொல்லைப் பிடித்தால் அதைச் சுற்றி நாலு பெயர்ச்சொல் கூடவே வரும். வீனெஸ்ட் என்று ஒரு முறை, 2009 முதல் இருப்பது. தமிழுக்கு நன்றாக ஒத்துப்போகும் என்பது என் எண்ணம், நம் வாக்கியமே வினையில் வந்துதானே முடிகிறது. உங்கள் ஆயாவுக்கு ‘தைக்கிறது’ எடுங்கள். ஒரு காகிதத்தில் நடுவில் ‘தைக்கிறது’, இடது பக்கம் ‘யாரு?’, வலது பக்கம் ‘எதை?’. அவரே மூன்று நாலு ஜோடி சொல்ல வேண்டும்: தையல்காரர்–சட்டை, டாக்டர்–காயம், பாட்டி–பாவாடை. வராவிட்டால் நாலைந்து சீட்டில் எழுதிக் காட்டி எடுக்கவிடுங்கள், நடுவில் பொருந்தாதது ஒன்றையும் போடுங்கள். ஜோடிகளைச் சேர்த்து வாசியுங்கள். ஒரு ஜோடியை மட்டும் எடுத்து எங்கே, எப்போ, ஏன் என்று விரியுங்கள். பிறகு நீங்கள் வாக்கியம் சொல்ல, அவர் சரியா தப்பா என்று காட்டட்டும்: “டாக்டர் காயத்தைத் தைக்கிறார்”, “சட்டை டாக்டரைத் தைக்குது”. கடைசியில் காகிதத்தை மூடிவிட்டு ஜோடிகளை நினைவிலிருந்து கேளுங்கள். அடுத்த வாரம் வெட்டுறது, அளக்கிறது, ஊத்துறது.

இலக்கணத்தை நோண்டாதீர்கள். புரோக்கா வகையில் வேற்றுமை உருபு உதிரும், வினையின் வால் உதிரும். “கடை... பால்... வாங்க” என்றால் செய்தி வந்துவிட்டது. நீங்கள் முழு வாக்கியமாக, “ஆமா, கடையிலே பால் வாங்கணும்” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு நகருங்கள். இங்கிலீஷ் ஹோம்வொர்க்கில் ‘ஐ’ வேண்டும் என்று கேட்பார்கள். தமிழில் ‘நான்’ இல்லாமலே ‘வந்தேன்’ முழு வாக்கியம், அதைப் போய் வற்புறுத்த வேண்டாம்.

எவ்வளவு நேரம்? பல நாட்டு ஆய்வுகளின் தரவை ஒன்றுசேர்த்து 2022இல் வெளிவந்த அலசலில், மொத்தம் 20 முதல் 50 மணி நேரம் பயிற்சி பெற்றவர்களிடம் முன்னேற்றம் அதிகமாகத் தெரிந்தது. இரண்டு வாரத்துக்கு அரை மணி என்றால் அந்த 20 மணிக்கே ஒன்றரை வருஷம் ஆகிவிடும். முதல் மூன்று மாதத்தில்தான் திரும்புவது வேகமாக இருக்கும், அதற்குப் பிறகும் நிற்காது. ஆக வீட்டுப் பயிற்சிதான் மணிக்கணக்கை நிரப்ப வேண்டும்.

---

மாரிட்ஸ்பர்க்_ஓ.டி

மேலே இருவரும் சொன்னதை உட்காரவைத்துச் செய்வதில் சில விஷயம். இடப்பக்க மூளை அடிபட்டால் வலப்பக்கப் பார்வையும் போயிருக்கலாம். கார்டு வலப்பக்கம் இருந்தால் அவருக்கு அது இல்லாததுதான். சும்மா ஒரு சோதனை: நாலு கார்டை வரிசையாக வைத்து எல்லாவற்றையும் தொடச் சொல்லுங்கள். வலது கோடியை விட்டுவிட்டால் எல்லாவற்றையும் நடுவிலிருந்து இடப்பக்கமாக நகர்த்துங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள். கண்ணாடி போட்டிருக்கிறாரா, காது மெஷின் பேட்டரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். டி.வி. நிற்கட்டும். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ வேண்டும், உங்கள் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் வாய் அவருக்குத் தெரியாது. பத்துப் பதினைந்து நிமிஷம், ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை. களைத்த மூளையிடம் சாயங்காலம் ஒரு மணி நேரம் கேட்டால் அழுகைதான் வரும்.

ஆம், இல்லை விஷயத்தை இந்த வாரமே சரிசெய்யுங்கள். நம் ஆட்கள் ஆமாம் என்பதற்குத் தலையை இரண்டு பக்கமும் சாய்த்து ஆட்டுவோம். தமிழ் தெரியாத தெரபிஸ்டுக்கு அது ‘இல்லை’ என்று படும், புரிதல் மார்க் அநியாயமாகக் குறையும். முதலிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டிலோ “சாப்பிடலையா?” என்று கேட்டால் “ஆமா” என்றால் சாப்பிடவில்லை, “இல்லை” என்றாலும் சாப்பிடவில்லை. பேச்சு சரியாக உள்ளவரே குழம்பும் இடம். “சாப்டீங்களா?” என்று நேராகக் கேளுங்கள். ஒரு சமயம் ஒரே கேள்வி. ஒரு அட்டையில் ✓, இன்னொன்றில் ✗ வரைந்து இடது கைக்கு எட்டும்படி வையுங்கள்.

பெரிய கேள்வி என்றால் எழுதிக் காட்டுங்கள். இங்கே பல பெரியவர்களுக்குத் தமிழ் பேச வரும், வாசிப்பது இங்கிலீஷ் எழுத்தில்தான். அப்படியானால் ‘சோறு’, ‘ரொட்டி’ என்பதை இங்கிலீஷ் எழுத்தில் பெரிதாக எழுதுங்கள், தமிழ் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். வீட்டு ஆட்கள், மருந்து, கழிவறை, வலி, கோயில், கடை என்று போனில் எடுத்த அசல் படங்களை வைத்து ஒரு சின்ன ஆல்பம் போடுங்கள். பக்கத்துக்கு நாலு படம் போதும்.

மனச்சோர்வையும் கவனியுங்கள். ஸ்ட்ரோக் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது வரும், பேச்சு போனவர் வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார். தூக்கம், சாப்பாடு குறைந்து பயிற்சிக்கே வராமல் ஒதுங்கினால் கிளினிக்கில் சொல்லுங்கள், மருந்து உண்டு.

காசு விஷயம்: 60 தாண்டியவருக்கு டிஸ்எபிலிட்டி கிராண்ட் (ஊனமுற்றோருக்கான அரசு உதவித்தொகை) கிடையாது, முதியோர் கிராண்ட்தான். ஆனால் அதை வாங்குகிறவருக்கு முழுநேரம் ஆள் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தால், அதற்கு மேல் கிராண்ட்–இன்–எய்ட் என்று ஒரு தொகை உண்டு. டாக்டர் அறிக்கையோடு, அரசு உதவித்தொகை கொடுக்கும் அமைப்பான சாசாவில் விண்ணப்பிக்க வேண்டும். பலர் கேட்பதே இல்லை.

---

சாட்ஸ்வொர்த்_பேத்தி

எல்லாருக்கும் நன்றி. தெரபிஸ்டிடம் போனில் பேசியாயிற்று, விழுங்கும் சோதனைக்கு இந்த வாரமே வரச் சொல்லியிருக்கிறார். ‘த’ எடுத்துக் கொடுத்தது நாங்கள்தான்.

இரண்டு கேள்வி. தமிழில் செய்வதைத் தமிழ் தெரியாத தெரபிஸ்ட் எப்படிச் சரிபார்ப்பார்? இன்னொன்று தலைப்புக்கு வெளியே: தம்பி பையனுக்கு இரண்டரை வயசு, ஏழெட்டுச் சொல்தான் வருகிறது. க்ரெஷில் “வீட்டில் தமிழை நிறுத்துங்கள்” என்கிறார்கள்.

---

லெனேஷியா_கருணா

நிறுத்த வேண்டாம். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. எண்ணும்போது இரண்டு மொழியையும் கூட்டி எண்ண வேண்டும், ‘தண்ணி’ ஒன்று, ‘வாட்டர்’ ஒன்று. ஆனால் கூட்டியும் ஏழெட்டுதான் என்றால், தானாகச் சரியாகும் என்று இருக்காதீர்கள். இரண்டு வயதிலேயே ஐம்பது சொல் இல்லை, ‘அம்மா வா’, ‘மோர் பால்’ மாதிரி இரண்டு சொல் சேர்வதும் இல்லை என்றால் காட்ட வேண்டும். உங்கள் பிள்ளை அதையும் தாண்டிவிட்டான். முதலில் காது, ஆடியாலஜிஸ்டிடம் முறையான கேட்புச் சோதனை. ‘பின்னாலிருந்து கூப்பிட்டா திரும்புறான்’ என்பது சோதனை ஆகாது, காதுக்குள் நீர் கோத்த பிள்ளையும் திரும்பும். பிள்ளையின் தடுப்பூசி, வளர்ச்சி விவரம் எழுதும் ரோட் டு ஹெல்த் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போய் ரெஃபரல் கேளுங்கள், ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அரசு இடங்களில் இலவசம். விரலால் சுட்டிக் காட்டுகிறானா, சொல்வது புரிகிறதா, பெயர் சொன்னால் பார்க்கிறானா என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள். இருந்த சொல் ஏதாவது காணாமல் போயிருந்தால் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். இதற்குத் தனி இழை போடுங்கள், விரிவாகப் பேசலாம்.

---

வெஸ்ட்வில்_ஸ்பீச்

சரிபார்ப்பதற்கு: வாரத்துக்கு ஒரு வீடியோ, இரண்டு நிமிஷம் போதும், ஆயாவின் வாயும் இடது கையும் தெரியும்படி. கூடவே ஒரு நோட்டில் நாலு பத்தி: என்ன கேட்டீர்கள், அவர் சொன்னதை ஒலி மாறாமல் இங்கிலீஷ் எழுத்தில், அதன் அர்த்தம், எந்த உதவிக்குப் பிறகு வந்தது. கடைசிப் பத்திதான் தெரபிஸ்டுக்குத் தங்கம். போன வாரம் முழுச் சொல்லைச் சொல்லிக்கொடுத்து வந்தது இந்த வாரம் அசையிலேயே வந்தால், மொழி தெரியாமலே முன்னேற்றத்தைப் படித்துவிடுவார். ‘தட்டு’ என்று வந்ததைத் திருத்தி ‘தண்ணி’ என்று எழுதிவிடாதீர்கள். தவறு எந்த மாதிரித் தவறு என்பதில்தான் அஃபேசியா எவ்வளவு, அப்ராக்சியா எவ்வளவு என்று தெரியும். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு விதமாகச் சறுக்கி, வாய் இடம் தேடித் தடவினால் அப்ராக்சியா பக்கம். ஒலி சுத்தமாக, சொல் மட்டும் மாறினால் அஃபேசியா பக்கம்.

மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்றால் நீங்களே முதல் பத்து நிமிஷம் உள்ளே இருக்க அனுமதி கேளுங்கள். ஆனால் ஆயா சொன்னதை அழகுபடுத்தாமல் சொல்ல வேண்டும். தனியார் தெரபிஸ்டைத் தேடினால், மருத்துவத் தொழில் செய்பவர்களைப் பதிவு செய்யும் கவுன்சிலான எச்.பி.சி.எஸ்.ஏ. தளத்தின் ஐ–ரெஜிஸ்டரில் பெயரைப் போட்டுப் பதிவு இருக்கிறதா பார்த்துவிட்டுப் போங்கள்.

அந்த நோட்டு வீட்டிலேயே இருக்கட்டும், ஆஸ்பத்திரி ஃபைலுக்குக் காப்பி மட்டும் கொடுங்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் பலர், படிப்பு முடித்ததும் கட்டாயமாகச் செய்யும் ஒரு வருஷ கம்யூனிட்டி சர்வீசில் இருப்பவர்கள். ஜனவரியில் ஆள் மாறினால், புதியவர் அணில் கார்டிலிருந்து மறுபடி ஆரம்பிக்காமல் இருக்க அது வேண்டும்.